நினைவில் இல்லாத குழந்தைப்பருவத்தை ஆலோசகர் ஏன் கேட்கிறார்?

சிறுவயதில் உங்களுக்குப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, நடந்தவையும் நினைவில் இல்லை. அப்படியிருக்க, இப்போதைய மன உளைச்சலுக்காகப் போனால் ஆலோசகர் ஏன் அதையே தோண்டுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். சில அமர்வுகள் முடிந்து, பணமும் நேரமும் வீணாகின்றனவோ என்ற எரிச்சலில் எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் உளவியல் படித்தவன் அல்லன். ஆலோசகருக்கு எதிர் நாற்காலியில் நெடுநாள் உட்கார்ந்தவன் என்ற தகுதி மட்டுமே எனக்கு உண்டு.

ஏறத்தாழ மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை. ஆனால் அழுதால் யாராவது வருவார்களா, வந்தவர் தங்குவாரா, கேட்டால் கிடைக்குமா என்னும் எதிர்பார்ப்புகள் அந்த வயதிலேயே உருவாகிவிடுகின்றன. நிகழ்ச்சி மறந்த பிறகும் அவை நடத்தையில் தங்கியிருக்கின்றன என்பதே ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் வகுத்த கோட்பாட்டின் சாரம். அவருடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த், ஒரு வயதையொட்டிய குழந்தைகளை அறையில் விட்டுத் தாய் சற்று வெளியேறித் திரும்பும்போது என்ன நிகழ்கிறது என்று கவனித்தார். சில குழந்தைகள் தாய் திரும்பி வந்ததையே பொருட்படுத்தாமல் விளையாடிக்கொண்டிருந்தன. 1970களில் வேறு ஆய்வாளர்கள் அத்தகைய குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாகத் தெரிந்த அவர்களுக்கும் உள்ளே படபடப்பு இருந்தது தெரியவந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான்கு வயதில் நான் நெடுநாள் மருத்துவமனையில் இருந்தேன். பெற்றோருக்கு மாலையில் சற்று நேரம் மட்டுமே அனுமதி. 'எல்லாக் குழந்தைகளும் அலறும், இவன் மட்டும் அழாமல் கையசைத்து அனுப்பிவைப்பான்' என்பது எங்கள் குடும்பத்தின் பெருமைக் கதை. நானும் அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தேன். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருக்கும் இரண்டு வயதுச் சிறுமியை 1952இல் ஆவணப்படமாக்கி, குழந்தை அடங்கிப்போவதைத் தேறிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதாடியவர். அத்தகைய வாதங்களின் பயனாக 1959இல் பிரிட்டிஷ் அரசுக் குழுவொன்று குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க அனுமதிக்குமாறு பரிந்துரைத்தது. என் பெற்றோரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். விதி மருத்துவமனையுடையது, அவர்கள் வாசலில் காத்திருந்தவர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். ஒருமுறை என் ஆலோசகர் தாம் சில வாரங்கள் விடுப்பில் செல்வதாக அறிவித்தார். 'தாராளமாகப் போய்வாருங்கள்' என்று சிரித்த முகத்துடன் சொன்னேன். மனத்தாங்கல் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் திரும்பியதும் வேலை அதிகம் என்று முதல் அமர்வை ரத்து செய்தேன், அடுத்ததையும் ரத்து செய்தேன், பிறகு சிகிச்சையே இனித் தேவையில்லை என்று மிகவும் பண்பாக ஒரு செய்தி அனுப்பினேன். அவர் கோபிக்கவில்லை. 'நிறுத்துவது உங்கள் விருப்பம், ஆனால் ஒருமுறை நேரில் வந்து சொல்லிவிட்டு நிறுத்துங்கள்' என்று பதில் அனுப்பினார். போனேன். 'நான் விடுப்பில் போனது உங்களுக்கு எப்படியிருந்தது?' என்ற ஒரே கேள்விக்கு, பதில் சொல்ல வாயெடுத்தும் சொல் வரவில்லை. முன்பு பலமுறை அந்த மருத்துவமனைக் கதையை அவரிடம் சொல்லியிருந்தும் ஒரு பலனும் ஏற்பட்டதில்லை. அன்று கதையே சொல்லாமல், அவர்மீது எனக்கிருந்த கோபத்தைப் பேசினேன். சிகிச்சை உண்மையில் அன்றுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். நம் பழைய எதிர்பார்ப்புகளை ஆலோசகர்மீதே நாம் ஏற்றிவைப்பதும், இம்முறை அவை பொய்த்துப்போவதும்தான், நினைவுகூர்தலைவிட அதிகம் வேலை செய்கின்றன.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முன் நான் பார்த்த ஒருவர், முதல் நாளே சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிய பத்துக் கேள்விகள் அடங்கிய தாளைக் கொடுத்து, மதிப்பெண்ணைக் கூட்டி, என் எதிர்காலத்தை ஜாதகம்போல் வாசித்தார். அத்தகைய கேள்விகளுக்கு மூலமான ஆய்வை வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா முதலியோர் 1998இல் வெளியிட்டனர். குழந்தைப்பருவத் துன்பங்கள் கூடக்கூட மனச்சோர்வு, குடிப்பழக்கம் முதலியவற்றின் வாய்ப்பும் கூடுவதை அது காட்டியது. அது மக்கள்தொகை அளவில் உண்மை. ஆனால் தனியொருவரின் வாழ்க்கையைக் கணிக்க அந்த மதிப்பெண் ஏற்றதல்ல என்று 2020இல் ஆண்டாவே எச்சரித்திருக்கிறார். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தபோது, பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் நல்ல நிலையில் இருந்ததையும், அவர்களுக்கு நம்பத்தகுந்த பெரியவர் ஒருவரேனும் வாய்த்திருந்ததையும் கண்டார். இதையெல்லாம் அந்த மனிதர் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ஆகவே, நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். ஆலோசகரை மகிழ்விக்க எதையும் இட்டுக்கட்ட வேண்டாம். அதற்குப் பதிலாக, அவர் திரும்பத் திரும்பக் கேட்பது எரிச்சலூட்டுகிறது என்பதை இங்கே எங்களிடம் சொன்னதுபோல் அடுத்த அமர்வில் அவரிடமே சொல்லுங்கள். அவர் அதை ஆர்வத்துடன் விசாரித்தால் தொடருங்கள். முகம் சுளித்தால் வேறொருவரைத் தேடலாம்; அதற்கும் உங்கள் குழந்தைப்பருவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.