நாற்பது செருகுநிரல்களையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்க வேண்டாம்

வணக்கம். உங்கள் வேர்ட்பிரஸ் இணையக் கடையில் நாற்பது செருகுநிரல்களையும் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் பிளக்இன்கள்) மொத்தமாகப் புதுப்பித்ததும் வெள்ளைத் திரை வந்தது, அதன்பின் பல மாதங்களாக எதையும் தொடவில்லை என்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அப்படியே விடுவது அதைவிட ஆபத்து. ஒரு பாதுகாப்பு ஓட்டை பற்றிய விவரம் வெளியானதுமே, பழைய பதிப்பில் ஓடும் தளங்களைத் தேடித் தானியங்கி நிரல்கள் கிளம்பிவிடும்.

முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். வேண்டாதவற்றை முடக்கினால் போதாது, நீக்கிவிடுங்கள். முடக்கியவற்றின் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும். சில ஓட்டைகள் வழியாகத் தாக்குபவர்கள் நுழைய அதுவே போதும்.

சர்வருக்குள் நேரடியாகக் கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வசதி இருப்பதாகச் சொல்வதால், வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் நிர்வகிக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ உங்களுக்குப் பொருந்தும். தரவுத்தளத்தையும் செருகுநிரல் கோப்புறையையும் நகலெடுத்த பிறகு, புதுப்பிக்கும் கட்டளையை 'டிரை ரன்' தெரிவுடன் ஓட்டுங்கள். எது எந்தப் பதிப்புக்கு மாறும் என்று பட்டியல் வரும், எதுவும் மாறாது. 5.2.1 என்பது 5.2.4 ஆகிறதென்றால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது, நான்கைந்தாகச் செய்யுங்கள். முதல் எண்ணே 5இலிருந்து 6 ஆகிறதென்றால் சோதனைத் தளத்தில் (உங்கள் தளத்தின் தனி நகலில்) பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக.

கடையை நடத்தும் செருகுநிரலான வூகாமர்ஸைத் தனியாக வையுங்கள். அது தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றக்கூடும் என்பதால் பழைய கோப்புகளை மட்டும் திரும்ப வைத்துத் தப்பிக்க முடியாது. ஆர்டர் குறைவான நேரத்தில் செய்து, உடனே ஒரு சோதனை ஆர்டரைப் பணம் செலுத்தும் கட்டம் வரை கொண்டுபோய்ப் பாருங்கள்.

சிறியவற்றுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கலாம். 2024இல் வந்த வேர்ட்பிரஸ் 6.6 முதல், இப்படித் தானாகப் புதுப்பித்ததும் தளத்தையே நிறுத்தும் பிஹெச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) பிழை வந்தால் பழைய பதிப்புக்கு வேர்ட்பிரஸ் தானே திரும்பிவிடும்.

இன்னொன்று: அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்ட செருகுநிரலுக்குப் புதுப்பிப்பு அறிவிப்பே வராது. நெடுநாளாக அமைதியாக இருப்பவற்றின் பக்கத்தைத் திறந்து, அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.