லாக்கரில் கிடந்த பச்சைத் தாள்

டிசம்பர் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற வாரம் எங்கள் ஜூனியர் ஹையில் ஒரு பச்சைத் தாள் கொடுப்போம். முதல் பாதியில் நடந்தது, இனி நடக்கப்போவது எல்லாம் அதில் இருக்கும். மின்னஞ்சலிலும் போகும். அமெரிக்காவின் ஓஹையோவில் இருபத்தோரு வருஷமாக ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். அந்தத் தாளில் எத்தனை வீடு போய்ச் சேர்கிறது என்று எனக்குத் தெரியும். போன ஜூனில் லாக்கர்களைக் காலி செய்தபோது ஒரே லாக்கரில் இரண்டு வருஷத்துப் பச்சைத் தாளும் கிடைத்தது. ஒன்றில் வாழைப்பழத் தோல் ஒட்டிக் காய்ந்து போயிருந்தது. இந்த மாதம் வந்திருக்கும் கடிதங்களில் பாதி, அந்தத் தாளைப் படித்திருந்தால் வந்தே இருக்காது. சரி, கடிதங்களுக்கு வருகிறேன்.

டீச்சர், என் மகன் ஏழாம் வகுப்பு. கணக்குப் பரீட்சைத் தாள் ஒவ்வொன்றிலும் தொண்ணூறு வாங்கியிருக்கிறான். ஆனால் இடைக்கால ரிப்போர்ட்டில் ‘சி’ போட்டிருக்கிறார்கள். அந்த ஆசிரியருக்கு அவனைப் பிடிக்கவில்லையோ என்று சந்தேகம். டியூஷன் வைக்கலாமா?
*ஒரு அப்பா, நியூ ஜெர்சி*

டியூஷன் காசை மிச்சம் பிடியுங்கள் சார். பள்ளியின் ஆன்லைன் கிரேடு பக்கத்தைத் திறந்து, கூட்டிப் போட்ட எழுத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிப் பாருங்கள். எங்காவது ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருக்கும்.

நாலு பரீட்சையில் தொண்ணூறு தொண்ணூறாக 360. கொடுக்காமல் விட்ட ஒரு வேலைக்குப் பூஜ்யம். எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டால், 360-ஐ ஐந்தால் வகுக்க 72. பெரும்பாலான பள்ளிகளில் அது ‘சி’. அதே வேலையை அரைகுறையாகச் செய்து கொடுத்து 60 வாங்கியிருந்தால் கூட்டுத்தொகை 420, சராசரி 84, கிரேடு ‘பி’. கணக்கு வராததால் அவனுக்கு ‘சி’ வந்திருக்க வாய்ப்பு குறைவு. தாள் கைமாறவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில்தான் இது அதிகம். அதுவரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஒரே அறை. ‘தாளை எடு, கொடு’ என்று அவரே கேட்டு வாங்கிவிடுவார். இங்கே வந்ததும் ஆறேழு ஆசிரியர்கள், ஆறேழு விதமான சட்டம். ஒருவர் கூடையில் போடச் சொல்வார், ஒருவர் ஆன்லைனில் ஏற்றச் சொல்வார், ஒருவர் ஒரு நாள் தாமதமானால் பத்து சதவீதம் குறைப்பார். பன்னிரண்டு வயசுப் பிள்ளை இத்தனையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் ஒரு பையன் படித்தான். ஆறு ஹோம்வொர்க் கொடுக்கவில்லை என்று அவனை உட்காரவைத்துப் பையைக் கொட்டச் சொன்னேன். நசுங்கிய ஜூஸ் பெட்டி, ஒற்றைக் கையுறை, அதற்கடியில் ஆறு தாளும் இருந்தன. ஆறும் செய்து முடித்தவை, விடைகளும் சரி. “ஏம்பா கொடுக்கல?” என்றால், “நீங்க கேக்கலையே மிஸ்” என்கிறான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. அந்த ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, தாமதமான வேலையை எந்தத் தேதி வரை வாங்கிக்கொள்வார் என்று கேளுங்கள். இரண்டாம் காலாண்டு பல பள்ளிகளில் ஜனவரி நடுவிலோ கடைசியிலோ முடியும். அதற்குப் பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். கடிதத்தை “ஏன் ‘சி’ போட்டீர்கள்” என்று ஆரம்பிக்காதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். அப்புறம், ஞாயிறு இரவு பத்து நிமிஷம் அவனையே அந்தப் பக்கத்தைத் திறந்து உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். மௌஸ் அவன் கையில் இருக்கட்டும்.

எனக்கு ஆங்கிலம் புரியும், பேச வராது. கணவர் வேலை விஷயமாக வெளியூரில். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு மகளையே மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறேன். இதில் தவறு உண்டா?
*ஒரு அம்மா, மிச்சிகன்*

உங்கள் மேல் தவறில்லை அம்மா, ஆனால் இனி வேண்டாம். இங்கே அரசுப் பள்ளிகள், பெற்றோருக்குப் புரிகிற மொழியில் தகவல் சொல்லக் கடமைப்பட்டவை. 1964-ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டத்திலிருந்து வருகிற கடமை அது. மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் ஒரு சல்லிக்காசு தரவேண்டாம். சந்திப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஆபீசுக்கு எழுதி, ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று கேளுங்கள். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் தொலைபேசியில் ஏற்பாடு செய்வார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

மகள் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஒரு சந்திப்பில் நானும் இன்னொரு ஆசிரியையும் ஒரே மேஜையில் இருந்தோம். அவர், “வகுப்பில் பக்கத்தில் இருப்பவர்களோடு ஓயாமல் பேசுகிறாள்” என்றார். எட்டாம் வகுப்புப் பெண், அம்மா பக்கம் திரும்பி, கண் இமைக்காமல், “கிளாஸ்ல நான் நல்லா பார்ட்டிசிபேட் பண்றேனாம்மா” என்றாள். அம்மாவுக்குப் பூரிப்பு. நான் தமிழிலேயே, “கொஞ்சம் ஜாஸ்தியாவே பண்ணுதும்மா” என்றேன். அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கெட்டிக்காரி, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள்.

வருகிற டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். பொங்கலை முடித்துவிட்டு ஜனவரி 20-க்கு மேல் திரும்பலாமா? பள்ளியில் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்கிறார் நண்பர்.
*ஒரு அப்பா, வட கரோலினா*

காய்ச்சல் கதை வேண்டவே வேண்டாம். திரும்பி வந்த முதல் நாளே பிள்ளை வகுப்பு முழுக்கத் தாத்தா வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லிவிடும்.

இங்கே பள்ளி ஆண்டு பெரும்பாலும் 180 நாள் அல்லது அதை ஒட்டி. அதில் பத்து சதவீதம், அதாவது 18 நாள் வராவிட்டால், ‘தொடர்ந்து வராதவர்’ என்ற பட்டியலில் பெயர் ஏறும். காரணம் சொல்லிப் போட்ட லீவும் அந்தக் கணக்கில் சேரும், பலருக்கு இது தெரியாது. நீங்கள் கேட்கிற இரண்டரை வாரத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் போய்விடும். பிப்ரவரியில் நிஜமாகவே ஒரு காய்ச்சல் வந்தால் கதை முடிந்தது. எட்டாம் வகுப்பானால் முதல் செமஸ்டர் பரீட்சையும் அநேகமாக அந்த நாட்களில்தான் வரும்.

பாட்டி வீட்டுப் பொங்கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போவதானால் நவம்பரிலேயே பிரின்சிபாலுக்கு உள்ளதை உள்ளபடி எழுதி, எது மன்னிக்கப்பட்ட லீவு, எது இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். சில மாநிலங்களில் பயண நாட்களுக்கு ஒப்பந்தம் போட்டுப் பாடம் கொடுத்தனுப்பும் வழி உண்டு. இங்கேயே இருந்து பொங்கல் அன்று ஒரு நாள் மட்டும் லீவு என்றால் பிரச்சினையே இல்லை. முதல் நாளே ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும்.

ஜூனியர் ஹை, மிடில் ஸ்கூல் இரண்டும் ஒன்றுதானா?
*வாசகி, டெக்சஸ்*

ஏறக்குறைய. ஜூனியர் ஹை மூத்தது. 1909-ல் எங்கள் ஓஹையோவின் கொலம்பஸில்தான் முதலாவது தொடங்கியது. ஏழு, எட்டு, சில இடங்களில் ஒன்பதும் சேர்ந்தது ஜூனியர் ஹை. ஆறு, ஏழு, எட்டு என்றால் மிடில் ஸ்கூல், அது 1960-களில் பரவியது. பிள்ளைகளின் சேட்டை இரண்டிலும் ஒன்றுதான்.

என் மகளை எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவில் போட மாட்டோம், சாதாரணக் கணக்கே எடுக்கட்டும் என்கிறார்கள். எங்கள் நட்பு வட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் அல்ஜீப்ரா. அவள் எதிர்காலம் போய்விடாதா?
*ஒரு அம்மா, கலிஃபோர்னியா*

அடுத்த வருஷத்துப் பாடத் தேர்வுச் சீட்டு ஜனவரி, பிப்ரவரியில் வருவதால் இந்தக் கேள்வி வருஷா வருஷம் தவறாமல் வரும். கேட்பவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள்தான்.

எட்டில் அல்ஜீப்ரா ஒன்று, ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா இரண்டு, பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். இந்த ஏணியில் ஒரு படி தள்ளி ஏறினால் கால்குலஸ் பள்ளியில் கிடைக்காது என்பதுதான் உங்கள் பயம். நடுவில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா இரண்டையும் ஒரே வருஷம் எடுத்தோ, கோடையில் ஒன்றை முடித்தோ அந்தப் படியைப் பிடித்தவர்கள் என் வகுப்பிலிருந்தே போயிருக்கிறார்கள்.

இன்று இரவு மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, முக்காலை மூன்றில் இரண்டால் வகுக்கச் சொல்லுங்கள். விடை எட்டில் ஒன்பது. அத்தோடு நிறுத்தாமல், விடை ஒன்றைவிடப் பெரிதாக ஏன் வந்தது என்று கேளுங்கள். அதற்குத் தடுமாறாமல் பதில் சொன்னால் பள்ளியிடம் மறுபரிசீலனை கேட்கலாம், நானே கேட்கச் சொல்வேன். தடுமாறினால் பள்ளி சொல்வது சரி. பின்னம் ஆட்டம் காண்கிற பிள்ளையை அல்ஜீப்ராவில் தள்ளினால் என்ன ஆகும் என்று மார்ச் மாதத்தில் என் வகுப்பில் வந்து பார்க்கலாம். இன்னொன்று, பல இடங்களில் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவின் கிரேடு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழிலும் ஏறிவிடும்.

கணக்கில் ஆசை இருக்கிற பெண்ணானால் ‘ஏஎம்சி 8’ என்ற கணக்குப் போட்டியை எழுதட்டும். ஜனவரியில் வரும், 40 நிமிஷத்தில் 25 கேள்வி. கணக்கு சுவாரசியமான சங்கதி என்று அதில் தெரிந்துவிடும்.

பச்சைத் தாள் என்று எழுதுகிறீர்கள், எங்கள் வீட்டுக்கு எந்த நிறத்திலும் எதுவும் வந்ததில்லை. ஜனவரிக்கு அப்புறம் பள்ளியில் என்னதான் நடக்கும்?
*ஒரு அப்பா, பென்சில்வேனியா*

முதலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள் சார்.

ஜனவரி மூன்றாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், விடுமுறை. பல பள்ளிகளில் அதை ஒட்டிப் பிள்ளைகள் சேவைக்குப் போவார்கள். பிப்ரவரி மூன்றாம் திங்கள் ஜனாதிபதிகள் தினம். அறிவியல் கண்காட்சியும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். தயவுசெய்து பேக்கிங் சோடா எரிமலை வேண்டாம், நான் இதுவரை நாற்பதுக்குக் குறையாமல் பார்த்திருப்பேன். ‘எந்தத் துணி சீக்கிரம் காய்கிறது’ என்று பிள்ளையே யோசித்து அளந்து கொண்டுவந்தால் நடுவருக்கு வயிறு குளிரும். மார்ச் 14, கணக்கில் வருகிற 3.14-ஐ வைத்து ‘பை’ தினம். 1988-ல் சான்பிரான்சிஸ்கோ அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் தொடங்கியது, இப்போது எங்கள் வகுப்பில் பை பலகாரம் தின்கிற நாள். வசந்தத்தில் மாநிலத் தேர்வு. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை வருஷா வருஷம் வாசிப்பும் கணக்கும் சோதிக்க வேண்டும் என்பது நாட்டுச் சட்டம். அந்த வாரம் பல் டாக்டரிடம் நேரம் வாங்காதீர்கள். பிள்ளை ஓட்டப் பந்தய அணியில் சேர ஆசைப்பட்டால் மருத்துவர் கையெழுத்திட்ட படிவத்தை இப்போதே தயார் செய்யுங்கள். அது இல்லாமல் அணிக்கு ஆள் எடுக்கிற நாளன்று மைதானத்தில் கால் வைக்க விடமாட்டார்கள், பிள்ளை வேலியோரம் நின்று அழும்.

பிப்ரவரியில் பள்ளியில் டான்ஸ் என்கிறாள் மகள். பதிமூன்று வயசு. அனுப்பலாமா?
*ஒரு அம்மா, இல்லினாய்ஸ்*

நான் எட்டு வருஷம் காவலுக்கு நின்றிருக்கிறேன். ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடிந்துவிடும். கூடைப்பந்து மைதானத்தில் பாதி விளக்கு எரியும். பெண்கள் பத்துப் பேர் வட்டமாக நின்று குதிப்பார்கள். பையன்கள் சிப்ஸ் மேஜையை விட்டு நகர மாட்டார்கள். மொத்த நடனமும் அவ்வளவுதான். அனுப்புங்கள். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னாடியே காரோடு வந்து நில்லுங்கள், கடைசிப் பிள்ளை போகும்வரை நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது.

காலையில் எழுப்பவே முடியவில்லை. பன்னிரண்டு வயசில் இவ்வளவு சோம்பலா?
*ஒரு அம்மா, ஜார்ஜியா*

சோம்பல் என்று சொல்லாதீர்கள். இந்த வயசில் உடம்பின் தூக்கக் கடிகாரம் பின்னால் நகர்ந்துவிடும், சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல், இந்த வயசுப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று சொன்னது. எங்கள் பள்ளி 7:35-க்குத் தொடங்குகிறது. முதல் பீரியடில் கணக்கு நடத்துகிற எனக்கு அந்தச் சங்கத்தின் மேல் மிகுந்த மரியாதை. பன்னிரண்டு வயசு வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். இரவில் போனை அறைக்கு வெளியே சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

டீச்சர், நான் ஏழாம் வகுப்பு. பள்ளி பேண்ட் இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறேன். என்னுடையது மட்டும் கீச் கீச் என்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த செமஸ்டரில் விட்டுவிடலாம் என்றால் அப்பா விடமாட்டேன் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.
*பெயர் போட வேண்டாம்*

தம்பி, தமிழில் நீயே எழுதினாயா? ‘கிளாரினெட்’ எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாய், சபாஷ்.

உன் பேண்ட் மாஸ்டரிடம் ரீடைக் காட்டு. வாயில் வைக்கிற அந்த மெல்லிய பட்டை நுனியில் துளி உடைந்திருந்தாலும் கீச்சிடும், மாதக்கணக்கில் ஒன்றையே வாசித்தாலும் கீச்சிடும். ஓட்டையை விரல் முழுசாக மூடாவிட்டாலும் அப்படித்தான். எதுவென்று அவர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். புது ரீடு போட்டும் பிடிக்கவில்லையென்றால், செமஸ்டர் தொடங்கி முதல் ஓரிரு வாரத்துக்குள் பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் (கவுன்சிலர்) போய்க் கேள், அதற்குப் பிறகு பெரும்பாலும் மாற்ற விடமாட்டார்கள். அப்பாவின் கையெழுத்தும் வேண்டும். அதனால் அவரிடம் நான் பேசுவதைவிட நீ பேசுவதுதான் முறை. ‘எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்’ என்று எனக்கு எழுதிய வரியை அப்படியே அவரிடமும் சொல். அவருக்கு அது தெரிந்திருக்காது.

இருக்கிறேன் என்று முடிவு செய்தால், வசந்த காலக் கச்சேரிக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் கேட்பார்கள். கறுப்பு சாக்ஸையும் எடுத்து வை. மேடையில் உட்கார்ந்ததும் கீழே இருப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.