பல மரம் கண்ட தச்சன்

கேள்வி: எனக்கு வயது 36. பி.காம். முடித்ததும் கோவையில் ஒரு கால் சென்டரில் இந்தி பேசும் வாடிக்கையாளர்களுக்கான பிரிவில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். அப்பாவின் வேலை காரணமாகப் போபாலில் வளர்ந்ததால் எனக்கு இந்தி தடையின்றி வரும். திருமணமாகித் திருப்பூருக்கு வந்த பின் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராகவும் (ஆர்டர்களைக் கவனிப்பவர்), குழந்தை பிறந்த பிறகு ஒரு தனியார் பள்ளியில் ஐந்து ஆண்டுகள் வணிகவியல் ஆசிரியையாகவும் வேலை பார்த்தேன். இடையில் தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் சேர்ந்து 2023இல் முடித்தேன். இனி மருத்துவ உளவியல் படிப்பதா, பள்ளி ஆலோசகர் ஆவதா, நிறுவனங்களின் மனிதவளத் துறைக்குப் போவதா, வீட்டிலேயே ஓர் ஆலோசனை மையம் திறப்பதா என்று குழம்புகிறேன். எதிலும் நிலைக்காதவள் என்கிறார்கள் வீட்டில். விண்ணப்பத்தில் பழைய வேலைகளை எழுதாமல் விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வழிகளில் இரண்டை இப்போதைக்கு அடித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. மருத்துவ உளவியல் ஒன்று, வீட்டு மையம் மற்றொன்று.

'மருத்துவ உளவியலாளர்' என்பது விரும்பியவர் தம் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளக்கூடிய சொல் இல்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தச் சொல்லுக்குத் தரும் வரையறையும் அதே கவுன்சிலின் அங்கீகாரத்தையே கேட்கிறது. எம்.எஸ்சி.க்குப் பிறகு, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சியை உள்ளடக்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்புதான் நெடுங்காலமாக அதற்கான வாசலாக இருந்து வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியபோதும், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அவகாசம் கொடுத்தது. அதன் இடத்தை நிரப்ப எம்.ஏ. மருத்துவ உளவியல் போன்ற புதிய படிப்புகளைக் கவுன்சில் வகுத்திருக்கிறது. பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்றவற்றில் இடங்கள் மிகக் குறைவு, போட்டி மிக அதிகம், பள்ளி செல்லும் குழந்தையை விட்டுவிட்டு முழுநேரமும் வெளியூரில் தங்க வேண்டும். இவ்வளவையும் பொருட்படுத்தாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தீவிர மனநோயால் அவதிப்படுகிறவர்களோடு மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை முன்னமே இருக்கும். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை ஓரிடத்திலும் தென்படவில்லை. படிப்பின் பெயரில் இருக்கும் கௌரவம் மட்டுமே தென்படுகிறது (இதைச் சொல்வதற்காக என்னை மன்னியுங்கள்).

தொலைநிலைப் பட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று மானியக் குழு அறிவித்தபோது, முன்னரே படித்து முடித்தவர்கள் பலர் கலங்கிப் போனார்கள். அது புதிய சேர்க்கையைப் பற்றிய முடிவு. 2023இல் நீங்கள் வாங்கிய பட்டத்தை அது தொடவில்லை. ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் உள்ள கவலை நியாயமானது. எதிரே ஒருவர் உட்கார்ந்து அழும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அஞ்சலில் வரும் பாடப் புத்தகம் கற்றுத்தராது. வீட்டு மையத்தை நான் இப்போது வேண்டாம் என்பதும் இதனால்தான். வீட்டின் முன்னறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆலோசகருக்குத் தவறு நேர்ந்தால் சுட்டிக்காட்ட ஆள் இல்லை. வந்தவர் தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் அடுத்த பத்து நிமிடத்தில் யாரை அழைப்பது என்பதற்கு விடை இல்லாதவர் கதவைத் திறந்து வைக்கக் கூடாது. அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனையில் இருப்பார் என்ற விவரமும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். மையம் திறக்காவிட்டாலும் அவை தேவைப்படும்.

மிச்சமிருப்பவை மனிதவளத் துறையும் பள்ளியும். திருப்பூரில் இருந்துகொண்டு உளவியலும் இந்தியும் தெரிந்தவர் என்றால் பனியன் நிறுவனங்களே கூப்பிடும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கித் தைக்கும் பெண்களிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசத் தெரிந்த, சரக்கைக் கப்பலில் ஏற்றும் தேதி நெருங்கும்போது தையல் லைனில் என்ன நடக்கும் என்பதையும் அறிந்த ஆலோசகர் எளிதில் கிடைக்க மாட்டார். இருந்தும் இதை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்கிறேன். 'எச்.ஆர்.' என்ற பெயரில் சேர்ந்தால் ஆள் எடுப்பதும் வருகைப் பதிவும் பி.எஃப். கணக்கும் உங்கள் நாளைத் தின்றுவிடும். ஆலோசனை என்பது மாதம் ஒரு கூட்டமாகச் சுருங்கும். சம்பளம் தருவது நிர்வாகம், மனம் திறப்பது தொழிலாளி என்ற நிலையில், கேட்டதில் எதை மேலே சொல்வது, எதைச் சொல்லாமல் காப்பது என்ற சிக்கலும் உண்டு. அனுபவமுள்ளவர்களே அதில் தடுமாறுகிறார்கள். தொழிற்சாலை நல அலுவலர் பதவி வேண்டுமென்றால் அதற்கு விதிகள் தனித் தகுதியைக் கேட்கும், உளவியல் பட்டம் மட்டும் போதாது.

ஆகவே பள்ளியில் தொடங்குங்கள். சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று சொல்வதால், அங்கே இது ஒரு பதவியாகவே இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் வகுப்பில் நின்றவருக்குப் பதினோராம் வகுப்பு மாணவன் எதற்காகத் தலைவலி என்று அடிக்கடி வெளியே போகிறான் என்பது தெரியும். ஆனால் ஆசிரியையாக இருந்த பழக்கம் இடையூறாகவும் வரும். அறிவுரை சொல்லத் துடிக்கும் நாக்கைக் கட்டுவதற்கு உங்களுக்கு ஓராண்டாவது ஆகும். இன்னொன்றையும் முதல் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று எந்தக் குழந்தைக்கும் முழு வாக்குறுதி தராதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை, மறைப்பது தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெடும் என்று மேலிடம் தயங்கினாலும் கடமை உங்களுடையதே.

வேலையில் சேரும்போது சம்பளத்துக்கு அடுத்தபடியாக நீங்கள் கேட்க வேண்டியது, மூத்த ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வை. பள்ளி ஏற்பாடு செய்யாவிட்டால், மாதம் இரண்டு முறை உங்கள் சொந்தச் செலவிலாவது ஒருவரிடம் போய், பெயர்களை மறைத்து, உங்களிடம் வந்தவர்களின் பிரச்சினைகளைப் பேசிவிட்டு வாருங்கள். வார இறுதியில் முடியும் பட்டயங்களுக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தை இதற்கு மாற்றுங்கள். மூன்று ஆண்டுகள் இப்படிப் போனபின் பனியன் நிறுவனங்களின் பக்கம் திரும்பலாம், அப்போது பணியாளராகச் சேர வேண்டிய அவசியமும் இருக்காது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க ஒரு குழுவும், அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும் என்கிறது. உங்களைப் போன்றவர் சட்டத்தையும் கற்றுக்கொண்டால் பொருத்தமாக அமர வேண்டிய நாற்காலி அது.

வீட்டாரின் பேச்சுக்கு வருகிறேன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பதைத்தான் அவர்கள் வேறு சொற்களில் சொல்கிறார்கள். தொழில் வழிகாட்டல் என்ற துறைக்கே முன்னோடியாகக் கருதப்படும் ஃபிராங்க் பார்சன்ஸ் பொறியியல் படித்து, பள்ளியில் பாடம் நடத்தி, வழக்கறிஞராகி, கடைசியில்தான் 1908இல் பாஸ்டனில் இளைஞர்களுக்கான வழிகாட்டும் அலுவலகத்தைத் தொடங்கினார் என்று வேண்டுமானால் அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். சமாதானம் ஆவார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி விழும், அதை விளக்குவது இன்னும் கடினம். வேலைகளை ஆண்டு வரிசையில் அடுக்குவதற்கு முன், மேலே மூன்று வரிகள் எழுதுங்கள்: கோபத்தில் இருப்பவரின் பேச்சைத் தொலைபேசியில் மூன்றாண்டுகள் கேட்டிருக்கிறேன், கெடு நெருக்கும் தொழிற்சாலையில் நான்காண்டுகள் இருந்திருக்கிறேன், மேல்நிலை வகுப்புகளில் ஐந்தாண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். அதற்குக் கீழே, இந்தியில் ஆலோசனை தர இயலும் என்பதைத் தனி வரியாகப் போடுங்கள். திருப்பூர்ப் பள்ளிகளில் இப்போது வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.