தேர்தல் விளம்பரப் பணம்: வரம்பா, வெளிப்படையா?

செலவுக்கு உச்சவரம்பு உண்டு என்கிறார்கள். எங்கள் தெருவைப் பார்த்தால் நம்ப முடியவில்லையே? (பெரம்பூர் வாசகர்)

உண்டு. 2022 முதல் தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம். கட்சிக்குத்தான் வரம்பே கிடையாது! தலைவர் படம், சின்னம் மட்டும் போட்டு, வேட்பாளர் பெயரை விட்டுவிட்டால் அது கட்சியின் பொதுப் பிரசாரம். கட்சி செலவழிப்பதையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கிவிட்டார்கள். 2003இல் கொஞ்சம் இறுக்கினார்கள். பொதுப் பிரசாரம் மட்டும் இன்னும் வெளியேதான்.

அப்படியானால் வரம்பை எடுத்துவிட்டு, பணம் கொடுத்தவர் பெயரை வெளியிட்டால் போதாதா? அமெரிக்காவில் அப்படித்தானே? (வேளச்சேரி வாசகி)

பாதி சரி. அங்கே 1976இல் செலவு வரம்பை நீக்கிய நீதிமன்றம், நன்கொடை வரம்பை விட்டுவைத்தது. 2010இல் நிறுவனங்கள் தனியாகச் செலவழிக்க வழிவிட்டபோதும், பெயரை வெளியிடும் விதியை 8-க்கு 1 என்று காப்பாற்றியது. ஆனால் நன்கொடையாளர் பெயரைச் சொல்ல வேண்டாத அமைப்புகள் வழியாகப் பணம் புகுந்துவிட்டது.

நம்மிடம் தேர்தல் பத்திரம் (வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகத் தருவது) இருந்த வரை, கொடுத்தவர் பெயரே வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான், அதிகம் வாங்கியது 1,368 கோடி ரூபாய்க்கு ஒரு கோவை லாட்டரி நிறுவனம் என்பது ஊருக்குத் தெரிந்தது. நிறுவனங்கள் வரம்பின்றி நன்கொடை தரலாம் என்ற 2017 திருத்தமும் அதே தீர்ப்பில் போனது. என்னைக் கேட்டால் பெயர்தான் முதலில். யார் பணம் என்றே தெரியாதபோது வரம்பு மீறியதை யார் பிடிப்பது? அதுவும் ஓட்டுப் போடுவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

ஆர்.கே. நகர் மாதிரி பணப்பட்டுவாடா நடந்தால்? (தண்டையார்பேட்டை வாசகர்)

அது விளம்பரமே இல்லை, லஞ்சம். 2017 ஏப்ரலில் இடைத்தேர்தலையே ரத்து செய்தார்கள். கண்ணில் பட்டால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படத்தோடு போடுங்கள்.

நோட்டீஸ் ஆர்டர் வந்திருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்? (ராயப்பேட்டை அச்சகத்தார்)

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 127ஏ. அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் நோட்டீஸிலேயே இருக்க வேண்டும். வெளியிடுபவரை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பமிட்ட உறுதிமொழியை இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். அடித்ததும் ஒன்றை நோட்டீஸோடு அனுப்ப வேண்டும். மற்ற ஊர்களில் கலெக்டருக்கு. தலைநகர் என்பதால் உங்களுக்குத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. தவறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. ‘அண்ணன் சொன்னார், அடித்தேன்’ என்பது செல்லாது.

வேட்பாளர் காட்டிய கணக்கை நான் பார்க்க முடியுமா? (அதே அச்சகத்தார்)

தாராளமாக. முடிவு வந்த 30 நாளில் அவர் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும்; சென்னையில் அது மாநகராட்சி ஆணையர். பார்வையிட விதிப்படி கட்டணம் ஒரு ரூபாய். நீங்கள் அடித்த நோட்டீஸ் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.