17-ஆம் நூற்றாண்டு லண்டனில் கடைக்காரர்களே காசு அடித்தார்களாமே, மக்கள் அதை எப்படி நம்பி வாங்கினார்கள்?

வேறு வழியில்லாமல்தான் வாங்க ஆரம்பித்தார்கள். வெள்ளியில் அரைப் பென்னி அடித்தால் அது விரல் இடுக்கில் தொலைந்துபோகும் அளவுக்குச் சிறியது. கால் பென்னியான பார்திங்கைச் செம்பில் அடிக்கும் உரிமத்தை மன்னர்கள் 1613 முதல் பிரபுக்களுக்குக் கொடுத்தார்கள். 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டபின் அந்த ஏற்பாட்டைத் தாங்க ஆளில்லை. ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்க வரும் ஏழைக்கு மீதி கொடுக்கக் கல்லாவில் ஒன்றும் இல்லை. மதுக்கடைக்காரர், மளிகைக்காரர், ரொட்டிக்காரர் எனப் பலரும் பித்தளையிலும் செம்பிலும் காசுக்குப் பதிலான வில்லைகளைத் தாங்களே அடித்துக்கொண்டார்கள். பெரும்பாலும் வட்டம், இதய வடிவிலும் எண்கோணத்திலும்கூட உண்டு.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த வில்லையே பதில் சொல்லும். கடைக்காரர் பெயர், தெரு, கடைச் சின்னம் மூன்றும் அதில் இருக்கும். அன்று வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. பெயர்ப்பலகைப் படமே முகவரி. ஆகவே காசைக் கையில் வைத்திருப்பவருக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். பக்கத்துக் கடைக்காரர்கள் இவற்றை வாங்கி, பெயர்வாரியாகப் பெட்டியில் பிரித்துவைத்து, சேர்ந்ததும் அடித்தவரிடமே கொடுத்து வெள்ளியாக மாற்றிக்கொள்வார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தைத் தாண்டினால் அது வெறும் தகடு. அடித்தவர் ஊரை விட்டுப் போய்விட்டால் நஷ்டம் கையில் வைத்திருந்தவருக்கு. அது பெரும்பாலும் ஏழைதான் என்பது என்னை இன்றும் வருத்துகிறது. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல் இருப்பதன் பொருத்தம் இவற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

1672-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ், நாட்டைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியாவின் உருவம் பொறித்த செம்புக் காசுகளை வெளியிட்டு, தனியார் வில்லைகளைத் தடை செய்தார்.

என்னிடம் ஒரு பார்திங் வில்லை இருக்கிறது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. ஓரத்து எழுத்துகள் தேய்ந்துவிட்டன. நடுவில் மூன்று எழுத்துகள் மட்டும் தெளிவாக நிற்கின்றன: மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. இந்த முறை மிகப் பரவலாக இருந்தது. தம் பெயரிலேயே காசு வெளியிட்ட பெண்களும் உண்டு. மனைவிக்கான அந்த எழுத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன்: கணவர் வெளியே போயிருந்தாலும் வாருங்கள், கல்லாவில் நான் இருக்கிறேன், மாற்றித் தருகிறேன்.