தாத்தா முதல் பேத்தி வரை ஒரே பயணத்தில்: வெளிநாட்டுச் சிக்கல்கள், கேள்வி பதில்

குடும்பங்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் தொழில். டிக்கெட் விலை, விசா கட்டணம் எல்லாம் கேட்காதீர்கள், நேற்றைய விலை இன்று இருக்காது. வழியில் எதெது சொதப்பும் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கே (தென்காசி): துபாயில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அப்பா, அம்மா, நான், குழந்தைகள் எல்லோரும் போகிறோம். அப்பா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறது. பிரச்சினை வருமா?

வரும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விட மாட்டோம் என்றது. சில நாட்களிலேயே, இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று தளர்த்தியது. ஆனால் அந்தத் தளர்வு கவுன்ட்டரில் நிற்கும் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டுமே! டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்துப் பெயரைப் பிரித்துப் போட்டுவிடுவது நிம்மதி.

இன்னொன்று. நம் வீடுகளில் தாத்தாவுக்கு ஒரு சர்நேம், அப்பாவுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று. இது ஒரே குடும்பம் என்று குடியேற்ற அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும். குழந்தை பாட்டியோடு மட்டும் வரிசையில் நிற்கிறது என்றால் கட்டாயம் இருக்கட்டும்.

கே (ஈரோடு): மாமனாருக்கு 74 வயது, இன்சுலின் போடுகிறார். சிங்கப்பூர், மலேசியா போகிறோம். மருந்தைப் பெரிய பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டிவிடலாமா?

கூடவே கூடாது. செக்-இன் பெட்டி போகும் கிடங்கில் குளிர் அதிகமானால் இன்சுலின் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலினைப் பிறகு உருக்கினாலும் பயன்படாது. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. கைப்பையில் வையுங்கள், ஐஸ்கட்டி நேராக மருந்தின்மேல் படாமல். 100 மில்லி திரவ விதி மருந்துக்குப் பொருந்தாது, மருத்துவர் சீட்டு கூட இருந்தால் போதும்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, திங்கள் செவ்வாய் எழுதிய டப்பாவில் போட்டு எடுத்துப்போவதையும் நிறுத்துங்கள். சுங்கத்தில் அது என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கட்டுப்பாட்டில் உள்ளவை. சிலவற்றுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்: மாத்திரை கைப்பையில், அட்டையோடு, சீட்டோடு.

கே (விருதுநகர்): பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுபோகலாமா?

பொடி சரி. புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் இரண்டு உறை போட்டு வையுங்கள். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கசகசா சேர்த்து அரைத்த மசாலாவைச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கொண்டுபோகவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும்.

கே (தஞ்சாவூர்): அம்மா நன்றாக நடப்பார், ஆனால் ஆங்கிலமும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. தனியாக அண்ணன் வீட்டுக்குப் போகிறார். எல்லோரும் வீல்சேர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

மொழிதான் சிக்கல் என்றால், வந்து வரவேற்றுக் கூட்டிக்கொண்டு போகும் துணைச் சேவை பல நிறுவனங்களில் உண்டு. முதலில் அதைக் கேளுங்கள். பல பயண முகவர்களே அதைச் சொல்வதில்லை, வீல்சேர் என்று ஒரு பொத்தானை அமுக்கினால் அவர்கள் வேலை முடிந்தது.

கே (கோவை): குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்குப் பக்கவாதம். போன தடவை விமான வாசலில் வீல்சேர் வரும் வரை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு முன்னால் வீல்சேரில் போன ஒரு பாட்டி, பெட்டி வரும் இடத்தில் எழுந்து ஓடிப்போய் இரண்டு கையிலும் பெட்டி தூக்கினார். தஞ்சாவூர்க்காரர் இதையும் யோசிக்கட்டும்.

கே (சென்னை): கோவைக்காரருக்கு: முட்டி வலி வெளியே தெரியாது. என் அம்மா வீட்டுக்குள் நடப்பார், விமான நிலையத்தில் முடியாது. அதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டுமா?

சரி, இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம்.

2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் 80 வயதுப் பயணி ஒருவர், தம்பதிக்கு ஒரே வீல்சேர்தான் கிடைத்தது என்பதால், மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டுக் கூடவே நடந்தார். குடியேற்றப் பகுதிக்கு வந்ததும் சரிந்து விழுந்து இறந்துபோனார். விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். அந்த நேரத்தில் தேவைக்குத் தகுந்த வண்டி இல்லை என்பதுதான் அங்கே நடந்தது. ஆகவே கோவைக்காரரின் கோபம் நியாயம். சென்னைக்காரரின் அம்மாவும் பொய் சொல்லவில்லை. தெருமுனைக் கோயிலுக்கு நடப்பவர் பெரிய விமான நிலையத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடப்பார் என்று யார் சொன்னது?

முகவர் உங்களிடம் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது. வீல்சேரில் மூன்று வகை உண்டு. டிக்கெட்டில் டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்ற குறியீடு இருந்தால் படி ஏறுவார், தூரம்தான் நடக்க முடியாது. கடைசி எழுத்து எஸ். என்றால் படி ஏற முடியாது, இருக்கை வரை மெல்ல நடப்பார். சி. என்றால் இருக்கை வரை தூக்கித்தான் உட்காரவைக்க வேண்டும். பெரும்பாலும் முகவர்கள் கேட்காமலே ஆர். போட்டுவிடுவார்கள். விமானம் தள்ளி நிற்கிறது, பேருந்தில் போய் ஏணிப்படி ஏற வேண்டும் என்றால், படி ஏற முடியாத தாத்தாவைக் கொண்டுபோய் ஏணி அடியில் விட்டுவிட்டு வீல்சேர் தள்ளும் பையன் போய்விடுவான். அவனிடம் இருக்கும் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. டிக்கெட்டில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீல்சேரோடு வரும் இன்னொரு கூத்து: தள்ளுகிறவர் பாட்டியைத் தனி வரிசையில் கொண்டுபோய்விடுவார். எல்லோர் பாஸ்போர்ட்டும் பாட்டியின் பையில்! குடும்பத்துக்கே ஒரு பை என்று வைக்காதீர்கள். அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கழுத்தில். விமானம் இறங்கியதும் வீல்சேர்க்காரர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள், அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இடைவெளி என்றால் அந்த டிக்கெட்டையே எடுக்காதீர்கள்.

கே (திண்டுக்கல்): ஊறுகாய் கொண்டுபோகலாமா? எந்த நாடு என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மேலே விருதுநகருக்குச் சொன்னதுதான். நாடு ஆஸ்திரேலியா என்றால் உணவுப் பொருள் எதுவானாலும் வருகை அட்டையில் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் அபராதம்.

கே (ஸ்ரீரங்கம்): அப்பா 72, அம்மா 69, நாங்கள் இருவர், மகள் 11. நேபாளத்தில் முக்திநாத் தரிசனம். பொக்காராவிலிருந்து ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்கிறார் முகவர்.

முகவர் சொல்வது போய் வருவதைப் பற்றி. உயரத்தைப் பற்றி யார் சொல்வார்கள்? பொக்காரா சுமார் 800 மீட்டர். ஜோம்சோம் 2,700க்கு மேல். முக்திநாத் 3,700 மீட்டர். விமானத்தில் ஜோம்சோம் இறங்கி, அப்படியே ஜீப்பில் ஏறினால் உடம்பு பழகுவதற்கு நேரமே கிடைக்காது. தலைவலி, குமட்டல், மூச்சு வாங்குதல் வந்தால் ‘பயணக் களைப்பு’ என்று சொல்லிக்கொண்டு மேலே ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள். அதற்கு அதுதான் முதல் மருந்து. வழியில் ஓரிரவு தங்கிப் போங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் 3,700 என்ற எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘நேபாளம் போகிறேன்’ என்றால் அவரும் சரி என்றுதான் சொல்வார்.

கோயிலுக்குப் பின்னால் 108 தாரைகள், பனி உருகிய நீர். சேவிக்க வந்தோம், நனையாமல் போவதா என்று பெரியவர்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடுவார்கள். இளவட்டங்களுக்கே பத்தாவது தாரையில் மூச்சு அடைக்கும். 70ஐத் தாண்டியவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், பெருமாள் கோபிக்க மாட்டார். ராணிபௌவாவில் ஜீப்பை விட்டு இறங்கியபின் ஏற்றம் இருக்கிறது. குதிரை கிடைக்கும்.

ஜோம்சோம் விமானம் காலையில் மட்டும்தான் பறக்கும். பிற்பகலில் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று வீசும். மேகம் வந்தால் காலை விமானமும் ரத்து. கடைசி நாளில் காத்மாண்டு விமானத்தை வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள், ஒரு நாள் உபரியாக விடுங்கள். ஆவணம்: நேபாளத்துக்கு விமானத்தில் போக உங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதார் செல்லாது. 65க்கு மேலும் 15க்குக் கீழும் உள்ளவர்களுக்கு மற்ற அடையாள அட்டைகளில் சலுகை உண்டு.

மாத்திரை? கைப்பையில்.

கே (மயிலாப்பூர்): பாட்டிக்கு விமானத்தில் ‘ஹிந்து மீல்’ பதிந்துவிட்டேன். போதும்தானே?

உடனே மாற்றுங்கள். ஹிந்து மீலில் கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ வரலாம், மாட்டிறைச்சி இல்லை என்பதுதான் அதன் பொருள். ‘ஏசியன் வெஜிடேரியன்’ என்று பதியுங்கள். வெங்காயம், பூண்டும் வேண்டாம் என்றால் ‘ஜெயின் மீல்’.

கே (நாகர்கோவில்): சிங்கப்பூர் வருகை அட்டைக்கு ஆளுக்குப் பணம் கேட்கிறது ஒரு தளம். கட்டலாமா?

போலித் தளம். அரசுத் தளத்தில் இலவசம், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மலேசியாவின் அட்டையும் அப்படியே.

கே (சேலம்): கோலாலம்பூரில் அத்தையின் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால் என்ன செய்வது? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

சும்மா கேட்பவர்தான் புத்திசாலி. முதலில் காவல் நிலையத்தில் புகார். அதோடு இந்தியத் தூதரகம் போனால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து ஊருக்குத் திரும்ப மட்டுமே முடியும். அங்கிருந்து சிங்கப்பூர் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் நடக்காது. மலேசியாவை விட்டு வெளியேற அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் அனுமதியும் தேவைப்படும். குடும்பத்தில் ஒருவர் அத்தையோடு தங்கட்டும், மற்றவர்கள் திட்டப்படி கிளம்பட்டும். எட்டுப் பேரும் தூதரக வாசலில் உட்கார்ந்து பயனில்லை.

கே (கரூர்): அறையில் குக்கர் வைத்துச் சோறு வடிக்கலாமா?

புகை உணரி அடித்தால் மொத்த மாடியும் இரவு உடையில் தெருவில் நிற்கும். தயிர் சாதம் வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்.

கே (மதுரை): ஹோட்டல் அறையில் முக்கியமாக என்ன பார்க்க வேண்டும்?

குளியல் தொட்டி. நான் பார்த்தவரை பெரியவர்கள் மலையிலும் விழுவதில்லை, மாடியிலும் விழுவதில்லை, தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போதுதான் விழுகிறார்கள். ஈரப் புடவை காலில் சுற்றும், பிடிக்கச் சுவரில் ஒன்றும் இருக்காது, திரைத்துணியைப் பிடிப்பார்கள், அது கையோடு வரும். தொட்டி இல்லாமல் நேராக நடந்துபோய் நிற்கிற ஷவர் வேண்டும் என்று பதியும்போதே எழுதுங்கள்.

கே (தூத்துக்குடி): மெட்ரோவில் கதவு மூடி, தாத்தா மட்டும் உள்ளே போய்விட்டால்?

அவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். நீங்கள் அடுத்த வண்டியில் போங்கள். இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும், பேத்திக்கும் சேர்த்து. ஹோட்டல் பெயர் அட்டை தாத்தா சட்டைப் பையில் இருக்கட்டும்.

கே (நாமக்கல்): எங்கள் வீட்டுத் தக்காளித் தொக்கு...

விருதுநகர், திண்டுக்கல். மேலே பாருங்கள்.

கே (கோவை): வீல்சேர் விஷயத்தில் நீங்கள் யார் பக்கம் என்று சொல்லவே இல்லை.

உங்கள் அப்பா பக்கம். தஞ்சாவூர்க்காரர் துணைச் சேவை கேட்டுப் பார்த்துவிட்டு இங்கே வந்து சொல்லட்டும். கிடைக்கவில்லை என்றால் வீல்சேர் போடட்டும். ஆனால் பெட்டி வரும் இடத்தில் அவர் அம்மா எழுந்து ஓடக்கூடாது.

கே (தஞ்சாவூர்): கேட்டுவிட்டேன். துணைச் சேவை உண்டாம், கட்டணம் தனி.

கட்டுங்கள்.