மலையில் வீடு, கடலில் படகு: 17 அடியா, 20 அடியா?

கேள்வி: நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். நான், மனைவி, 12 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள், அம்மா. மச்சான் வீடு தூத்துக்குடியில், லீவு விட்டால் அங்கேதான். பழைய சென்டர் கன்சோல் படகு (ஸ்டீயரிங் மேடையான கன்சோல் நடுவில் இருப்பது) இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 17 அடி, 60 குதிரைத்திறன், அடிப்பாகம் கிட்டத்தட்ட தட்டை. இன்னொன்று 20 அடி, 115 குதிரைத்திறன், ஆழமான ‘வி’ வடிவ அடி. எதை வாங்கலாம்? இடையில் மேலே கொண்டுவந்து பைக்காராவில் ஓட்டலாமா?

பதில்: பைக்காரா கதையை முதலில் முடித்துவிடுவோம். அது மின்வாரியத்தின் நீர்த்தேக்கம். அங்கே ஓடுபவை சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுகள், உங்கள் படகை இறக்க முடியாது. இறக்கினாலும் இன்ஜின் மூச்சு வாங்கும். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 3 சதவீத சக்தி போய்விடும். ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலி. கல்லாறு தாண்டி வரும் கொண்டை ஊசி வளைவுகளில் டிரெய்லரை இழுக்கும் வேலை வேறு. படகு கீழேயே இருக்கட்டும்.

இப்போது ஆள் கணக்கு. ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சானை விட்டுவிட்டீர்களே! அவரும் வருவார், அவர் பிள்ளை ஒன்றும் ஏறிக்கொள்ளும். ஏழு பேருக்கு 17 அடி பத்தாது. இந்த வகைப் படகே நின்றுகொண்டு மீன் பிடிக்கச் செய்தது. நடுவில் ஸ்டீயரிங் மேடை, சுற்றிலும் நடக்க இடம், உட்கார இடமும் நிழலும் குறைவு. எதை வாங்கினாலும் மேலே கூரை போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவைக் கன்சோலுக்குப் பின்னால் உட்கார வையுங்கள், குலுக்கல் குறைவாக இருக்கும். முன்பக்கத்து மெத்தை பார்க்க அழகுதான், ஓடும்போது முதல் அடி அங்கேதான் விழும்.

தட்டையான அடி நின்ற இடத்தில் ஆடாது, அலையில் ஓடும்போது படார் படாரென்று அறையும். ஆழமான ‘வி’ அலையைக் கிழித்துக்கொண்டு போகும், நங்கூரம் போட்டால் தொட்டில் மாதிரி உருளும். பிள்ளைகளுக்கு வாந்தி வருவது பெரும்பாலும் அப்போதுதான். இருந்தாலும் உங்களுக்கு 20 அடியைத்தான் சொல்வேன். காரணம் தூத்துக்குடிக் காற்று. ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் என்கிற மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் குளம் போலத் தெரியும், போவதும் சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் அலை முகத்தில் அறையும். அந்த மாதங்களில் குடும்பத்தோடு போகவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் காலையிலேயே போய், காற்று ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம், தீவில் இறங்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். வான் தீவு உட்பட மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986 முதல் தேசியப் பூங்கா.

செலவு? முழு வேகத்தில் 60 குதிரை மணிக்குச் சுமார் 20 லிட்டர் குடிக்கும், 115 குதிரை அதைப் போல இரு மடங்கு. நிதானமாக ஓட்டினால் பாதி மிச்சம்.

பழைய படகு என்பதால், இன்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால் உள்ளே இருக்கும் மரம் ஊறிவிட்டது, பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். தரையில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். எங்கேயாவது மெத்தென்று அமுங்கினால் அங்கேயும் அதே வியாதி.

நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மலையிறங்குவீர்கள் என்றால் எனக்குக் கவலை பெட்ரோலைப் பற்றித்தான். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். மிச்சம் வைத்தால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் நிற்கும். நானே ஒரு பொங்கலுக்கு அப்படி மாட்டிக்கொண்டு, கரையில் டேங்கைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேவைக்கு மட்டும் ஊற்றுங்கள், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும்.

விலை பேசப் போகும்போது மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் குன்னூருக்கு வண்டி ஏறிய பிறகு உப்பைக் கழுவும் அந்த ஹோஸைப் பிடிக்கப் போகிறவர் அவர்தான்.